வெள்ளத்தில் இறங்கும் வண்டி



திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்களுக்குப் பொருநையாறு வெறும் நீரோட்டம் அன்று. அது வீட்டுப் பெரியவரைப் போன்றது. பொதிகையில் தோன்றி, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் நடந்து, புன்னைக்காயலின் அருகே கடலில் கலக்கும் இந்தத் தாமிரவருணி, ஆண்டு முழுவதும் நமக்குச் சோறும் நீரும் தருகிறது. அதற்கும் எப்போதாவது கோபம் வருவதுண்டு. அந்தக் கோபத்தின் அளவை அறிய எங்கள் ஊரில் ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. ஆற்றின் நடுவே அமைந்த குறுக்குத்துறை முருகன் கோயிலே அது. "கோயில் மூழ்கிவிட்டதா?" என்பதுதான் மழைக்காலத்தில் நெல்லை மக்கள் ஒருவரையொருவர் கேட்கும் முதற்கேள்வி. நீர் வந்து மோதும் பக்கத்தில் அந்தக் கோயிலின் சுவரைப் படகின் மூக்குப் போல் கட்டியிருக்கிறார்கள். வெள்ளத்தை எதிர்த்து நிற்காமல், அதைப் பிளந்து இரு பக்கமும் அனுப்பிவிட வேண்டும் என்பது அன்றைய தச்சர்களின் எண்ணம். அந்தக் கல்மூக்கைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதனிடம் திரும்பி வருவோம்.

இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்தது ஒரு வண்டியின் கதை. பேருந்தும் காரும் நின்றுவிடும் வெள்ளத்தில் சில வண்டிகள் மட்டும் எவ்வாறு செல்கின்றன? அவற்றை உருவாக்கியவர்கள் யார்? அவற்றால் ஆவது எவ்வளவு, ஆகாதது எவ்வளவு? இவற்றை நான் நூல்களில் படித்தது உண்டு. ஆனால் உண்மையாகக் கற்றுக்கொண்டது 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஒரு பழைய லாரியின் பின்தட்டில் அரிசி மூட்டைகளின்மேல் உட்கார்ந்தபோதுதான்.

அந்த மாதம் 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. குமரிக்கடற்பகுதியில் நிலைகொண்டிருந்த காற்றுச் சுழற்சியால் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களிலும் மழை விடாது பெய்தது. மறுநாள் காலையில் மழைமானிகளைப் பார்த்தவர்கள் தம் கண்களையே நம்பவில்லை. இருபத்துநான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62! காயல்பட்டினத்தில் ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழையைவிட அது மிகுதி.

ஒன்றைக் கவனியுங்கள். வழக்கமாக மலையில் பெய்த மழை அணைகளை நிரப்பி, அணைகள் திறக்கப்பட்டு, ஆற்றில் வெள்ளம் வரும். 1992-ஆம் ஆண்டு நவம்பரில் நெல்லையைக் கலங்கவைத்த வெள்ளம் அப்படிப்பட்டதே. 2023-இலோ மலையிலும் பெய்தது; சமவெளியிலும் பெய்தது; கடற்கரையிலும் பெய்தது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர் ஆற்றில் இறங்கிய அதே நேரத்தில், வயல்வெளிகளில் விழுந்த மழை குளங்களை நிரப்பி மறுகால் பாய்ந்தது. மறுகாலும் போதாதபோது கரைகள் உடைந்தன. தூத்துக்குடிக்கு அருகே கோரம்பள்ளம் குளமும் உடைந்தது. ஆற்றுக்கும் குளத்துக்கும் இடையே இருந்த ஊர்கள் தீவுகளாயின.

அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த சரளைக்கற்களை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. ரயிலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 800 பேர். ஒரு பகுதியினரை அருகிலிருந்த பள்ளிக்கு முதலில் கொண்டுசென்றார்கள். ஏனையோர் ரயிலிலும் நிலையத்திலுமாக 19-ஆம் தேதி வரை காத்திருக்க நேர்ந்தது. அவர்களுக்குச் சோறாக்கிக் கொடுத்தவர்கள் அருகிலிருந்த புதுக்குடி ஊர் மக்கள். தங்கள் வீடுகளைச் சுற்றியே தண்ணீர் நிற்க, இருந்த அரிசியை உலையிலிட்ட அந்த மக்களை நாம் மறத்தல் ஆகாது.

அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வந்தார்கள். தரைப்படையினர் தம் லாரிகளோடு வந்தார்கள். விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் உணவுப் பொட்டலங்களை இறக்கின. இவர்களோடு, யாரும் கட்டளையிடாமலே வந்தவர்களும் உண்டு. கடற்கரை ஊர்களின் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குள் வந்தார்கள். உழவர்கள் டிராக்டர்களை ஓட்டிவந்தார்கள். கல்குவாரிக்காரர்கள் உயர்ந்த லாரிகளைக் கொண்டுவந்தார்கள். கடலில் ஓட வேண்டிய படகு நெல்வயலின்மேல் ஓடியதை அந்த வாரத்தில் கண்டோம்.

நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். 20-ஆம் தேதி காலை பாளையங்கோட்டையிலிருந்து அரிசி, பால்மாவு, குடிநீர், மருந்து ஆகியவற்றைக் கீழ்ப்பகுதிக்குக் கொண்டுபோக என் பழைய மாணவர் சிலர் முனைந்தபோது, நானும் உடன் சென்றேன். அவர்களுக்குக் கிடைத்த வண்டி, படைத்துறை ஏலத்தில் விட்ட பழைய லாரி ஒன்று. கல் சுமந்து கல் சுமந்து அதன் பச்சை வண்ணம் பாதி உதிர்ந்திருந்தது. அதை ஓட்டியவர் படையில் பல்லாண்டு வாகனம் ஓட்டி ஓய்வுபெற்ற முதியவர். மாணவர்கள் அவரை "அண்ணாச்சி" என்றார்கள். நானும் அப்படியே அழைக்கலானேன். அன்று வகுப்பெடுத்தவர் அவர், மாணவன் நான்.

இத்தகைய வண்டிகளின் பிறப்பைச் சிறிது சொல்லிவிடுகிறேன். சாலை இல்லாத இடத்திலும் படைக்கு உணவும் வெடிமருந்தும் போய்ச்சேர வேண்டும் என்ற தேவையே இவற்றைத் தோற்றுவித்தது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இரண்டரை டன் சுமக்கும் ஆறு சக்கர இழுவை லாரிகளை 5 லட்சத்துக்கும் மேலாகச் செய்து குவித்தது. கனடாவில் ஃபோர்டு, செவர்லே தொழிற்சாலைகள் செய்த படை லாரிகள் 4 லட்சத்துக்கு மேல். அவற்றில் பல அன்றைய இந்தியப் படையிலும் ஓடின. போர் முடிந்ததும், தேவைக்கு மிஞ்சிய வண்டிகள் பல நாடுகளில் ஏலத்துக்கு வந்தன. குண்டு சுமக்கப் பிறந்தவை மரமும் மண்ணும் சுமந்து பிழைத்தன.

விடுதலைக்குப்பின் நம் நாடும் தனக்கென ஒரு படை லாரியைச் செய்யத் தொடங்கியது. ஜெர்மனியின் மான் நிறுவனத்தின் உரிமம் பெற்று, 1959-ஆம் ஆண்டு முதல் மத்தியப் பிரதேசத்து ஜபல்பூரில் உருவான 'சக்திமான்' லாரியே அது. 1962, 1965, 1971 ஆகிய ஆண்டுகளின் போர்களைக் கண்ட தலைமுறை வீரர்களுக்கு அந்தப் பெயர் மிகவும் பழக்கமானது. 1990-களின் நடுவில் அதன் உற்பத்தி நின்றது. பின்னர் சென்னையைச் சேர்ந்த அசோக் லேலண்டு நிறுவனத்தின் 'ஸ்டாலியன்' லாரிகள் அந்த இடத்தைப் பிடித்தன. படையிலிருந்து கழிக்கப்பட்ட வண்டிகள் ஏலத்தில் விற்கப்பட்டு, குவாரிகளிலும் மரக்கூப்புகளிலும் இரண்டாம் வாழ்க்கை வாழ்கின்றன.

சரி, இந்த வண்டியில் அப்படி என்னதான் சிறப்பு?

முதலாவது, உயரம். ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடை 1,000 கிலோகிராம் என வைத்துக்கொள்வோம். அதன் அடித்தளம் 4 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உடையது; பரப்பு 6 சதுர மீட்டர். தண்ணீர் அந்த அடித்தளத்துக்கு மேல் 10 சென்டிமீட்டர் ஏறினால், கார் இடம்பெயர்க்கும் நீரின் அளவு 0.6 கனமீட்டர், அதன் எடை 600 கிலோகிராம். ஆர்க்கிமிடீஸ் கண்ட உண்மைப்படி அவ்வளவு எடை காரிலிருந்து குறைந்துவிடும். இன்னும் 7 சென்டிமீட்டர் ஏறினால் காரின் முழு எடையும் போய்விடும். அடித்தளமோ தரையிலிருந்து ஒரு சாண் உயரமே இருக்கிறது. ஆகவே முழங்காலுக்குக் கீழான தண்ணீரிலேயே, உள்ளே நீர் புகுமுன், கார் படகாகிவிடுகிறது. துடுப்பும் சுக்கானும் இல்லாத படகு! ஓடும் நீரில் கார்கள் அடித்துச் செல்லப்படுவதன் காரணம் இதுவே.

படை லாரியோ வேறு. அதன் சக்கரங்கள் ஒரு மீட்டர் உயரம்; உடல் அவற்றுக்கு மேல் தூக்கி வைக்கப்பட்டிருக்கிறது. முக்கால் மீட்டர் தண்ணீரில் நின்றாலும், நீரில் மூழ்குவன சக்கரங்களும் அச்சுகளும் வில்தகடுகளுமே. அவை இடம்பெயர்க்கும் நீர் மிகக் குறைவு. ஐந்து டன்னுக்கு மேற்பட்ட வண்டியின் எடையில் பெரும்பகுதி தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். நீரும் வண்டியின் அடியில் தடையின்றிப் புகுந்து வெளியேறும். நாங்கள் ஏற்றிய அரிசி மூட்டைகளைப் பார்த்து அண்ணாச்சி மகிழ்ந்தார். "பாரம் இருந்தாத்தான் தம்பி வண்டி தரையில நிக்கும். திரும்பும்போதுதான் சூதானமா வரணும்" என்றார்.

இரண்டாவது, எல்லாச் சக்கரங்களுக்கும் விசை. சாதாரண லாரியில் எஞ்சினின் ஆற்றல் பின்சக்கரங்களுக்கு மட்டுமே செல்லும். அவற்றுள் ஒன்று சேற்றில் சிக்கினால், டிஃபரன்ஷியல் எனப்படும் பற்சக்கரத் தொகுதி எளிதில் சுழலும் சக்கரத்தையே சுழற்றும். சேற்றிலுள்ள சக்கரம் வீணே சுற்றிக் குழி பறிக்க, தரையிலுள்ள சக்கரம் சும்மா நிற்கும். படை லாரியில் முன்சக்கரங்களுக்கும் விசை பிரித்தனுப்ப ஒரு தனிப் பற்சக்கரப் பெட்டி உண்டு. பின்சக்கரம் வழுக்கினால் முன்சக்கரம் இழுக்கும். அன்றியும், வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்கும் தாழ்ந்த பல்லமைப்பும் அதில் உண்டு. மனிதன் நடக்கும் வேகத்தில், எஞ்சின் திணறாமல், வண்டி ஊர்ந்து செல்லும். டயர்களில் காற்றைச் சிறிது குறைத்தால் அவை அகன்று பரவிச் சேற்றில் புதையாமல் செல்லும். ஒட்டகத்தின் பாதம் மணலில் பரவுவது போன்றது அது.

மூன்றாவது, மூச்சு. எஞ்சினுக்கும் நம்மைப் போல் காற்று வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி தரும் மின்கம்பிகள் நனைந்தால் அது உடனே நின்றுபோகும். பழைய டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. காற்றை இறுக்கிச் சூடாக்கியே எரிபொருளைப் பற்றவைக்கும். ஆகவே அதன் காற்றுக்குழாய் நீர்மட்டத்துக்கு மேலிருக்கும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் குழாய்வழியே ஒரு குவளை நீர் உருளைக்குள் புகுந்துவிட்டாலும் ஆபத்து. காற்று அமுங்கும், நீர் அமுங்காது. மேலே வரும் பிஸ்டன் பாறையில் மோதியதைப் போல நிற்க, அதைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். அதனால்தான், வெள்ளத்தில் நின்றுபோன வண்டியை மீண்டும் மீண்டும் முடுக்குவது பெரும் பிழை என்பார்கள்.

நான்காவது, ஓட்டும் முறை. இங்கேதான் குறுக்குத்துறைக் கோயிலின் கல்மூக்கு நினைவுக்கு வர வேண்டும். வண்டி நீரில் மெல்லச் சீராகச் செல்லும்போது, அதன் முன்னே நீர் குவிந்து ஓர் அலையாக எழும். அந்த அலையின் பின்னே, எஞ்சின் இருக்கும் இடத்தில், நீர்மட்டம் சிறிது தாழும். அந்தப் பள்ளத்தைத் தன்னோடு கூட்டிக்கொண்டே வண்டி போக வேண்டும். விரைந்தால் அலை உடைந்து எஞ்சின்மேல் பாயும். தயங்கினால் பள்ளம் நிரம்பிவிடும். இடையில் கியர் மாற்றுவதும் கூடாது. அண்ணாச்சி ஒருமுறை தாழ்ந்த கியரில் இறங்கினால், கரையேறும்வரை அவருடைய இடது கை கியர்த்தண்டைத் தொடவே இல்லை. கரையேறியதும் பிரேக்கை மெல்ல அழுத்தியபடியே சிறிது தூரம் ஓட்டினார். நனைந்த பிரேக் பிடிக்காது. உராய்வின் சூட்டால்தான் அதை உலர்த்த வேண்டும். "வீட்டுக்குப் போனதும் அச்செண்ணெயை மாத்தணும்" என்றும் சொன்னார். ஓடிச் சூடேறிய அச்சு குளிர்ந்த நீரில் முங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சிறு இடுக்குகள் வழியே நீரை உறிஞ்சிவிடும். எண்ணெயில் நீர் கலந்தால் பற்சக்கரங்கள் தேயும். உதவி செய்து திரும்பிய வண்டிக்கும் சிகிச்சை வேண்டும் என்பது இதன் பொருள்.

இவ்வளவும் வண்டியின் பெருமை. இனிச் சொல்லப்போவன அதன் எல்லைகள்.

சாலையோரத்தில் இடுப்பளவு சுவர்களோடு சில வீடுகள் பாதி நீரில் நின்ற ஒரு தெருவழியே நாங்கள் சென்றோம். பிள்ளைகள் உற்சாகத்தில் கையசைத்தார்கள். அப்போது ஒரு வீட்டுத் திண்ணையில் நின்ற ஆச்சி ஒருவர், இரு கைகளையும் தூக்கி எங்களை நிறுத்தினார். உணவு கேட்கிறார் என்று ஒரு பொட்டலத்தை நீட்டினோம். அவர் அதை வாங்கவில்லை. "மெதுவாப் போங்கய்யா. ஒவ்வொரு வண்டி போகும்போதும் தண்ணி வீட்டுக்குள்ள ஏறுது. உள்ள மண்சுவரு, இன்னும் ரெண்டு அலைக்குத் தாங்காது" என்றார். நான் வெட்கினேன். வண்டியைக் காக்கும் அலையைப் பற்றி வகுப்பெடுக்கத் தெரிந்த எனக்கு, அந்த அலை எங்கே போய் மோதும் என்று எண்ணத் தெரியவில்லை. அதன்பின் வீடுகள் உள்ள இடமெல்லாம் வண்டி ஆமையைப் போல ஊர்ந்தது. ஒருவர் முன்னே இறங்கிக் கம்பு ஊன்றி நடந்தார். ஆச்சி பின்னர் இரண்டு பொட்டலங்கள் வாங்கிக்கொண்டார். ஒன்று அடுத்த வீட்டுக்கு என்று சொன்னார்.

பிற்பகலில் நாங்கள் போக வேண்டிய ஊர் கண்ணுக்குத் தெரிந்தது. கோயில் கோபுரமும் தென்னந்தோப்பும் அரைக் கிலோமீட்டர் தொலைவில் இருந்தன. இடையே சாலையின் குறுக்காக நீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆழம் பார்த்தால் அதிகமில்லை. காலையில் நாங்கள் கடந்த இடங்களைவிடக் குறைவாகவே தோன்றியது. அந்த ஊரில் பால்மாவுக்காகக் குழந்தைகள் காத்திருப்பதாகச் செய்தி வந்திருந்தது. அண்ணாச்சியோ வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடியே கீழே இறங்கினார். வரப்போரம் கிடந்த பனைமட்டை ஒன்றை எடுத்து நீரில் எறிந்து, இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே அது போகும் வேகத்தைப் பார்த்தார். மட்டை விரைந்து சென்று, சாலையின் கீழ்ப்பக்கம் சேர்ந்ததும் சட்டென்று உள்ளே இழுக்கப்பட்டு, வெகுதூரம் தள்ளி மேலே வந்தது.

"வண்டி இறங்காது" என்றார் அண்ணாச்சி.

மாணவர்கள் கொதித்துப்போனார்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்புவதா? படை லாரிக்கு இந்தத் தண்ணீர் எம்மாத்திரம்?" என்றான் ஒருவன். இன்னொருவன், தான் ஓட்டுவதாகவே சொன்னான். அண்ணாச்சி சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. உங்களுக்கும் சொல்கிறேன்.

நிற்கும் நீர் வேறு, ஓடும் நீர் வேறு. ஓடும் நீர் ஒரு பொருளைத் தள்ளும் விசை, அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீர், தன்னை மறிக்கும் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின்மீதும் ஏறத்தாழ 50 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையைச் செலுத்தும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு, அதாவது 200 கிலோகிராம். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு, 450 கிலோகிராம். இந்த விசை பக்கவாட்டில் தள்ளும்போதே, மிதப்பு விசை வண்டியைச் சிறிது தூக்கி, சக்கரங்களின் பிடியைத் தளர்த்தும். இரண்டும் சேர்ந்தால் லாரியும் நகரும்.

இதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. சாலையின் மேலேறி ஓடும் நீர், மறுபக்கத்தில் சிறு அருவியாக விழுகிறது. அணைக்கட்டின் கீழே நீர் விழும் இடத்தில் கல்தளம் போடாவிட்டால் என்ன ஆகும்? மண் அரிக்கப்பட்டு அணையின் அடியே குடைபடும். சாலைக்கு அத்தகைய கல்தளம் கிடையாது. அருவி விழும் பக்கத்திலிருந்து மண் கரைந்து, குடைவு மேல்பக்கத்தை நோக்கி வளரும். தார்த்தளம் மட்டும் கூரைபோல் மேலே நிற்கும். மேலிருந்து பார்ப்பவர் சாலை இருப்பதாகவே எண்ணுவார். பனைமட்டை உள்ளே இழுக்கப்பட்டதைக் கண்டு, கீழே பள்ளம் விழுந்திருப்பதை அண்ணாச்சி உணர்ந்துகொண்டார்.

அரை மணி நேரம் கழித்து, பின்னால் வந்த ஒரு லாரியில் கடற்கரை இளைஞர்கள் படகு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் நேரே அந்த ஓட்டத்தில் இறங்கவில்லை. மேற்புறமாக நெடுந்தூரம் சென்று, நீர் பரந்து அமைதியாக இருந்த வயல்வெளியில் படகை இறக்கினார்கள். பால்மாவும் மருந்தும் முதலில் போயின. அரிசி மூன்று நடையாகப் போயிற்று. திரும்பி வந்த படகில் நிறைமாதப் பெண் ஒருத்தியும் அவள் தாயும் வந்தார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு எங்கள் லாரி பாளையங்கோட்டைக்குத் திரும்பியது. பின்தட்டில் பாரம் இல்லாததால், நீர் நின்ற இடங்களில் நாங்கள் எல்லோரும் மணல் மூட்டைகளைப் போல அச்சின்மேல் நெருக்கி உட்கார்ந்திருந்தோம்.

நான்கு நாள் கழித்து நீர் வடிந்தபின் அவ்வழியே மீண்டும் சென்றேன். நாங்கள் நின்ற இடத்திலிருந்து இருபது அடி தள்ளிச் சாலையே இல்லை. ஒரு லாரி முழுதும் உள்ளே அடங்கும் அளவு பள்ளம். அன்று ஓட்டுவதாகச் சொன்ன மாணவனும் உடன் இருந்தான். அவன் வெகுநேரம் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அண்ணாச்சியின் வீட்டுக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னான்.

உலகின் வேறு பகுதிகளிலும் இதே பாடம் கற்கப்பட்டிருக்கிறது. 1953-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் இரவு வடகடல் பொங்கி நெதர்லாந்தின் கரைகளை உடைத்தபோது, அந்நாட்டில் 1,800 பேருக்கு மேல் மாண்டனர். மீட்புப் பணிக்குப் போர்க்காலத்து 'டக்' வண்டிகளும் வந்தன. அவை 1942-இல் அமெரிக்காவில் உருவான, நிலத்தில் லாரியாகவும் நீரில் படகாகவும் இயங்கும் வண்டிகள். ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்தபடியே டயர்க் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் அவற்றில் வசதி இருந்தது. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரை 'ஹார்வி' புயல்மழை மூழ்கடித்தபோது, பழைய படை லாரிகளை ஆசைக்கு வாங்கி வைத்திருந்த தனிமனிதர்கள் அவற்றை வெளியே எடுத்து, அயலாரை ஏற்றி வந்தார்கள். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்கு விரைந்தார்கள். எல்லா இடங்களிலும் ஒன்று தெளிவாயிற்று. லாரி ஓர் எல்லைவரை; அதன்பின் படகு; அதற்கும் அப்பால் ஹெலிகாப்டர். ஒவ்வொன்றும் தன் எல்லையில் நின்று, அடுத்ததற்கு வழிவிட வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்களில் பலர் வருங்காலத்தில் இத்தகைய பணிக்குச் செல்வீர்கள். மூன்று செய்திகளை நினைவில் கொள்ளுங்கள். முதலில், மாவட்ட நிர்வாகத்திடம் பெயரைப் பதிந்து, எந்த ஊருக்கு என்ன தேவை என்று கேட்டுப் புறப்படுங்கள்; ஒரே ஊருக்குப் பத்து லாரி போக, அடுத்த ஊருக்கு ஒன்றும் போகாத நிலை வரலாகாது. இரண்டாவதாக, அந்த மண்ணில் பிறந்த ஒருவரை வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். குளக்கரை எங்கே, மடை எங்கே, கிணறு எங்கே என்று நீருக்கு அடியிலும் அறிந்தவர் அவரே. மூன்றாவதாக, வண்டியை ஓட்டுபவர் "இறங்காது" என்று சொன்னால், அந்தச் சொல்லுக்குப் பணியுங்கள்.

அண்ணாச்சியின் லாரி இன்னும் கல் சுமந்துகொண்டிருக்கிறது. அந்த வாரம் அச்செண்ணெய் மாற்றிய செலவை அவர் யாரிடமும் வாங்கவில்லை. மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் அவர் அதன் காற்றுக்குழாயைத் துடைத்து, கயிறும் கம்பும் ஒரு பனைமட்டையும் பின்தட்டில் எடுத்து வைக்கிறார். பனைமட்டை எதற்கென்று கேட்பவர்களுக்கு, என் மாணவன்தான் இப்போது விளக்கம் சொல்கிறான்.